எஞ்சின் மானிட்டர் பொருத்தப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேளுங்கள்

ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்ட் விமான நிலையத்தில் நானும் ஓர் அண்ணனும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு ஒரு பைப்பர் ஆர்ச்சர் வைத்திருக்கிறோம். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, மீனாட்சி கோயில் கேன்டீனில் பழக்கமானவர். விமானம் 1970களின் கடைசியில் செய்தது. நாலு இருக்கை, 180 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின், இறக்கைக்கு ஒன்றாக 25 கேலன் டேங்க் இரண்டு. அதில் எரிபொருள் அளவையும் எஞ்சின் வெப்பத்தையும் கண்காணிக்கும் டிஜிட்டல் கருவி ஒன்றைப் பொருத்தினோம். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அது காட்டும் எண்ணை நம்பிப் பறக்கலாம் என்ற நிலைக்கு வருவதற்குள் வசந்தமும் கோடையுமே போய்விட்டன. பணமும் போனது. பொருத்துவது பாதி வேலைதான், அமைப்பது மீதிப் பாதி, அந்த மீதியை யாரும் நமக்காகச் செய்து தர மாட்டார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதற்கு இந்தக் கருவி என்று கேட்கலாம். பழைய விமானங்களில் எரிபொருள் முள் ஆடிக்கொண்டே இருக்கும், திரும்பும்போது ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும். டேங்க் காலியாக இருக்கும்போது மட்டும் முள் சரியாகக் காட்டினால் சட்டத்துக்குப் போதும் என்று ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், யாராவது சொல்வார்கள். அது தவறு. ஒவ்வொரு டேங்குக்கும் வேலை செய்கிற அளவுகாட்டி வேண்டும் என்பதுதான் விதி. எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் சிறு விமானங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடப்பதாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே 2017இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் எல்லாமே டேங்க் காய்ந்துபோன கதை இல்லை. ஒரு டேங்கில் தாராளமாக இருக்கும், விமானி காலி டேங்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார், எஞ்சின் நின்றுபோகும். ஆர்ச்சரில் இடது, வலது என்று கையால்தான் மாற்ற வேண்டும் என்பதால் இந்தப் பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு.

வாங்கும்போது முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பழைய முள்களைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்திலேயே உட்காரும் முதன்மைக் கருவியா, அல்லது பழையதை அப்படியே விட்டுவிட்டு கூடுதலாக வைக்கும் துணைக் கருவியா? முதன்மைக் கருவியில் சிவப்பு எல்லைகள் உங்கள் விமானத்தின் கையேட்டின்படி தயாரிப்பாளரிடமே பூட்டப்பட்டு வரும், நீங்கள் மாற்ற முடியாது. துணைக் கருவியில் நீங்களே மாற்றலாம். விலையும் குறைவு. ஆனால் பழைய முள்தான் சட்டப்படி செல்லும். நாங்கள் துணைக் கருவியை வாங்கினோம். அப்போது விலைதான் கண்ணில் பட்டது. இன்று கேட்டாலும் அதையேதான் வாங்குவேன், காரணம் மட்டும் வேறு. எல்லைகளை நாமே வைக்க முடிவதுதான் இதன் முழுப் பயனும்.

கருவியும் சென்சார்களும் 3,000 டாலர் சுமாருக்கு வந்தன. கூலி அதைவிட அதிகமாகிவிட்டது. பட்டறையில் இரண்டு வாரம் என்றார்கள், வாரங்கள் மாதங்களாயின. பறக்க நல்ல காலமான வசந்தம் முழுக்க விமானம் மூக்குத் திறந்தபடி ஹேங்கரில் கிடந்தது. காப்பீடும் ஹேங்கர் வாடகையும் பாட்டுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தன. பேச்சுவார்த்தையின் தொடக்கத்திலேயே இரண்டு விஷயங்களைக் கறாராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, அலாரம் ஒலி ஹெட்செட்டில் கேட்கும்படி ஆடியோ பேனலில் இணைத்துத் தருவார்களா என்பது. எங்களுக்கு அதை விட்டுவிட்டார்கள். டெக்சாஸ் வெயில் பேனலில் அடிக்கும்போது சின்னத் திரையில் ஓர் எண் மினுக்குவதைக் கண் பார்க்காது. பிறகு தனியாகக் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாவது, காகித வேலை. அனுமதிச் சான்று, விமானத்தில் செய்த பெரிய மாற்றத்தைப் பதிவு செய்யும் 337 படிவம், புதிய எடைக் கணக்கு, கையேட்டில் சேர்க்க வேண்டிய பக்கங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணையைக் கொடுப்பது. படிவம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுச் சோதனையில் நம் தலையில்தான் விழும்.

சரி, விமானம் வெளியே வந்தது. கருவி அழகாக மின்னியது. முதல் நீண்ட பயணமாக ஃபிரெடரிக்ஸ்பர்க் போய்விட்டு, அங்கே எரிபொருள் போடாமல் அன்றே திரும்பினோம். போக வர மூன்றரை மணி நேரம், டேங்க் நிரம்பக் கிளம்பியதால் தாராளமாகப் போதும். வீட்டை நெருங்கும்போது கருவி 19 கேலன் மீதி என்றது. அண்ணன் கையை நீட்டி பழைய முள்களைக் காட்டினார். "தம்பி, இது 19ங்குது. ஆனா முள்ளு ரெண்டும் அதை ஒத்துக்கலையே?" முள் என்றைக்கு உண்மை பேசியது என்று இருவரும் சிரித்தோம். இறங்கியதும் நாமே போட்டுக்கொள்ளும் பம்பில் நிறுத்தி இரண்டு டேங்கையும் விளிம்புவரை நிரப்பினோம். பம்ப் எண் 31ஐத் தாண்டியது, 32, 33. டேங்கில் சத்தம் மாறவே இல்லை. 34ஐத் தாண்டிய பிறகுதான் நுரை மேலே வந்தது. கருவியோ மொத்தச் செலவு 31 கேலன்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயில் போகும் எரிபொருள் ஓட்டத்தைக் கருவி பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியிருக்கிறது. அது போக, பட்டறையில் முழு டேங்க் என்பதற்கு 50 கேலன் என்று அடித்துவைத்திருந்தார்கள். ஆர்ச்சரில் 50 கேலன் பிடிக்கும், ஆனால் எஞ்சினுக்குப் போகக்கூடியது 48தான். மற்ற 2 கேலன் டேங்கின் அடியிலேயே தங்கிவிடும். ஆக, கருவி 19 என்று சொன்னபோது உண்மையில் எரிக்கக்கூடியது 14தான் இருந்தது. 5 கேலன் வித்தியாசம் என்றால் எங்கள் எஞ்சினுக்கு அரை மணி நேரம். பகலில் கண்பார்வை விதிப்படி பறக்க, போய்ச்சேர்ந்த பிறகும் டேங்கில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்லும் அளவும் அதே அரை மணி நேரம்தான். விதி கொடுத்த பாதுகாப்பு மொத்தத்தையும் கருவி சத்தமில்லாமல் தின்றுவிட்டிருக்கிறது. அன்று எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு மைல் கூடுதலான பயணத்தில் இதே நடந்திருந்தால் என்ற நினைப்பு பல இரவு தூங்க விடவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவி டேங்கைப் பார்ப்பதே இல்லை. இது மளிகைக்கடை அண்ணாச்சி வைத்திருக்கும் பற்று நோட்டு மாதிரி. தொடக்கத்தில் இவ்வளவு இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும், குழாயில் போனதை அது கழித்துக்கொண்டே வரும். சொன்னது பொய்யானால் மீதியும் பொய். மூடியைச் சரியாக முடுக்காமல் இறக்கை மேலே எரிபொருள் உறிஞ்சப்பட்டு வெளியே போனாலும், அடியில் வடிகால் வால்வு சொட்டினாலும், அது சென்சாருக்கு முன்பே போய்விடுவதால் நோட்டில் ஏறாது. எந்த டேங்கில் எவ்வளவு என்பதும் அதற்குத் தெரியாது. 1983இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் இறங்கியதே, அதுவும் இந்த வகைதான். டேங்க் அளவுகாட்டிகள் வேலை செய்யவில்லை, குச்சி போட்டு அளந்தார்கள், கிலோவுக்குப் பதில் பவுண்டுக் கணக்கில் பெருக்கி அந்த எண்ணைக் கணினியில் அடித்தார்கள். கணினி தப்பில்லாமல் கழித்துக்கொண்டே போனது, தொடக்க எண்தான் தப்பு. அத்தனை பெரிய விமானத்திலேயே இப்படி என்றால் நம்முடையது எம்மாத்திரம்.

ஓட்டம் ஏன் குறைவாகக் காட்டியது என்று தேடப்போனபோதுதான் வேடிக்கையே. ஓட்ட சென்சார் கட்டை விரல் நீளம்கூட இல்லாத ஒரு கட்டி. உள்ளே சின்னச் சக்கரம் சுழலும், ஒரு கேலன் போனால் இத்தனை துடிப்பு என்று அனுப்பும். எங்கள் வகையில் கேலனுக்குச் சுமார் 68,000. ஒவ்வொரு சென்சாருக்கும் இந்த எண் கொஞ்சம் மாறும், அதனால் அதிலேயே ஒரு சீட்டு கட்டி அனுப்புவார்கள். பட்டறையில் அந்தச் சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, கருவியில் ஏற்கெனவே இருந்த பொது எண்ணை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதோடு சென்சாரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வளைவு இணைப்பு ஒன்றை வாயிலேயே ஒட்டினாற்போல் மாட்டியிருந்தார்கள். அதன் மூன்று கம்பிகளும் நேர் மேலே பார்த்து இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுக்குமிழ் உள்ளே தங்கும் என்று பொருத்தும் வழிகாட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. வேறொரு மெக்கானிக் வந்து குழாயை மாற்றி நிமிர்த்திவைத்தார். அதற்கு மறுபடி கூலி. உங்கள் விமானத்தை மூக்கு மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பாருங்கள், போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி லாக் புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அளவு திருத்தம். இதை ஒரே பயணத்தில் முடிக்க நினைக்காதீர்கள். அதே பம்பில், அதே இடத்தில், சக்கரம் அதே கோட்டில் நிற்க, டேங்கில் அதே விளிம்புவரை நிரப்பிப் பறந்து, திரும்ப அங்கேயே நிரப்ப வேண்டும். ஒரு பயணத்தில் ஒரு கேலன் முன்பின் ஆகலாம். பல நிரப்பல்களைக் கூட்டினால்தான் எண் நிலைக்கும். கருவி காட்டிய மொத்தக் கேலனால் பழைய துடிப்பு எண்ணைப் பெருக்கி, பம்ப் காட்டிய மொத்தத்தால் வகுத்தால் புதிய எண். கருவி குறைத்துக் காட்டினால் எண் இறங்கும், கூட்டிக் காட்டினால் ஏறும். சில கருவிகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள். இப்போது எங்களுக்கு வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் நிற்கிறது. அதுவும் கருவி கொஞ்சம் அதிகமாகச் செலவு காட்டுகிற பக்கமாகத்தான் வைத்திருக்கிறேன். நிரப்பும் அளவுகளுக்கு இரண்டு பொத்தான் ஒதுக்கினோம். முழுக்க என்றால் 48. டேங்குக்குள் தெரியும் தகடுவரை என்றால் தலா 17 ஆக 34, அதில் எரிக்க முடியாத 2ஐக் கழித்து 32. வேறு ஊரில் ஆள் வந்து நிரப்பினால் அவர் சொல்வதைக் கேட்டு பொத்தானை அழுத்துவதில்லை. ஏறிக் குச்சி போட்டுப் பார்த்த பிறகுதான்.

இனி அலாரம். பெட்டியிலிருந்து வரும் எல்லைகள் யாருக்கோ வைத்தவை, உங்கள் எஞ்சினுக்கு அல்ல. சிலிண்டர் தலை வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் லைகாமிங்கின் சிவப்புக் கோடு 500 டிகிரி ஃபாரன்ஹீட். கருவி 450இல் அலாரம் அடிக்கும்படி வந்தது. ஆனால் எஞ்சின் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் 435க்குக் கீழே ஓட்டுங்கள் என்று லைகாமிங்கே சொல்கிறது. சிலிண்டர் தலை அலுமினியம், 400ஐத் தாண்டினாலே வலு குறையத் தொடங்கும் உலோகம். உள்ளே எரிதல் கட்டுமீறிப் போனால் வெப்பம் நொடிக்கு நொடி ஏறும். 450இல் மணி அடித்து, அதைப் பார்த்து, யோசித்து, பவரைக் குறைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் அலாரத்தை 400க்கு இறக்கினேன்.

இறக்கியதும் புதிய தொல்லை. ஹூஸ்டன் ஜூலையில் கிளம்பினால் ஒவ்வொரு ஏற்றத்திலும் அடித்தது. 76 நாட் (knot) வேகத்தில் மூக்கைத் தூக்கி ஏறினால் 402, 411, 419 என்று ஏறும். மூக்கைக் கொஞ்சம் இறக்கி வேகத்தை 90 நாட்களுக்கு (knots) மேல் வைத்தால் நின்று, மெதுவாக இறங்கும். ஏறும் வேகம் குறைகிறதே என்று அண்ணனுக்கு வருத்தம், அலாரத்தை 430க்கு ஏற்றிவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் அடிக்கும் மணியைக் கை பார்க்காமலே அமர்த்தப் பழகிவிடும் என்பது உண்மைதான். அதற்காக எல்லையை ஏற்றுவதைவிட ஏன் சூடாகிறது என்று தேடுவதே சரி என்று எனக்குப் பட்டது. கருவி முதல் சிலிண்டர்தான் சூடு என்றது. முன்வலது. அங்கே காற்றைத் திருப்பும் தகடுகளைச் சுற்றியுள்ள ரப்பரை எல்லாம் மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்து ஹேர் டிரையரை எடுத்துப்போய், குளிர்ந்த எஞ்சினில் ஒவ்வொரு சென்சாராகச் சூடுபடுத்தினேன். அண்ணன் காக்பிட்டில் உட்கார்ந்து எது ஏறுகிறது என்று கத்தினார். முன்வலதைச் சூடாக்கினால் திரையில் 3 ஏறுகிறது. பின்வலதைச் சூடாக்கினால் 1 ஏறுகிறது. இடது பக்கமும் அப்படியே தலைகீழ். லைகாமிங்கில் சிலிண்டர் எண் முன்னாலிருந்து தொடங்கும், கான்டினென்டல் என்ற இன்னொரு கம்பெனியின் எஞ்சினில் பின்னாலிருந்து. கம்பி போட்டவர் கான்டினென்டல் பழக்கத்தில் போட்டிருக்கிறார். நாங்கள் சரிசெய்த சிலிண்டர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, சூடானது பின்னால் இருந்தது. அங்கே ரப்பர் மடங்கி ஒரு விரல் போகும் இடைவெளி. அந்தத் துண்டு ரப்பரின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தவறான பக்கத்தில் செலவழித்த கூலி பல நூறு டாலர். ஆகவே விமானத்தைக் கையில் வாங்கும் நாளிலேயே இந்த ஹேர் டிரையர் சோதனையைச் செய்துவிடுங்கள், காசே ஆகாது. இன்னொன்று, பழைய முள்ளுக்கான வெப்ப சென்சார் ஏதோ ஒரு சிலிண்டரின் குழியைப் பிடித்திருக்கும். அங்கே புதிய கருவிக்கு ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளைய சென்சார் போடுவார்கள். அதன் எண் மற்ற மூன்றோடு ஒத்துப்போகாது. எது அந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் வீண் பயம் இல்லை.

வெளியேறும் புகையின் வெப்பத்துக்கு நான் அலாரமே வைக்கவில்லை. சென்சார் அரை அங்குலம் தள்ளிப்போனாலே எண் மாறும், அந்த எண்ணில் எனக்கு அர்த்தம் கிடையாது. மாற்றத்தில்தான் அர்த்தம். பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னீட்டோ எஞ்சினில் இரண்டு உண்டு. கிளம்புமுன் செய்யும் மேக்னீட்டோ சோதனையில் அதில் ஒன்றை அணைத்தால் நான்கு சிலிண்டரின் புகை வெப்பமும் ஏற வேண்டும். ஒன்று மட்டும் விழுந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக் அழுக்கு. இந்த ஒரு பயன் போதும்.

மின்னழுத்த அலாரம் 11 வோல்ட்டில் வந்தது. 12 வோல்ட் பேட்டரி விமானத்தில் ஆல்டர்னேட்டர் ஓடினால் 14க்கு அருகில் இருக்கும், நின்றால் 12 சொச்சத்துக்கு விழும். 11க்குக் காத்திருந்தால் பேட்டரி ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று பொருள், ரேடியோ போகும் நேரம். 12.9இல் வைத்தேன். தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சில சமயம் அடிக்கும், பரவாயில்லை. எண்ணெய் அழுத்தத்துக்கு 25 என்ற குறைந்தபட்ச எல்லையை மாற்றவில்லை. பறக்கும்போது 60க்கு மேல் இருக்க வேண்டியது 25க்கு வரும்வரை மணி அடிக்காது என்பதால் அதைக் கண்ணால்தான் பார்க்கிறோம். எங்கள் கருவியில் ஒரே எண்தான் வைக்க முடியும், அதைக் கூட்டினால் சூடான எஞ்சினோடு தரையில் நிற்கும்போதெல்லாம் கத்தும். எரிபொருள் மீதி அலாரம் 10 கேலனில், அதாவது இன்னும் ஒரு மணி நேரம் பறக்க இருக்கும்போது. டேங்க் மாற்ற அரை மணிக்கு ஒரு நினைவூட்டல். இந்த இரண்டும் ஹெட்செட்டில் கேட்கும்.

ஜிபிஎஸ்ஸோடு இணைத்தால் போகுமிடத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று காட்டும். எங்களுக்கு முதலில் வெறும் கோடுதான் வந்தது. பட்டறை கம்பியைச் சந்தேகித்துப் பேனலைப் பிரிக்கப் பார்த்தது. இரண்டு கருவிகளிலும் தரவு வேகம் வெவ்வேறாக இருந்ததுதான் காரணம், மெனுவில் மாற்றியதும் வந்தது. யாராவது பேனலைப் பிரிக்கலாம் என்றால் முதலில் அமைப்புப் பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். அத்தனை பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருள் புதுப்பித்தபோது எங்களுக்கு இரண்டு எல்லைகள் பழைய எண்ணுக்கே திரும்பிப்போயிருந்தன.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் எஞ்சினுக்கு எரிபொருள் தள்ளும் மின்சார பம்பைப் போட்டால் ஓட்டம் திடீரென்று மணிக்கு ஒரு கேலன் கூடிக் காட்டுகிறது. பம்ப் துடிப்பில் சென்சார் சக்கரம் ஆடுகிறது என்கிறார் மெக்கானிக். சரிசெய்யக் கேட்ட தொகைக்கு அது தகுமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. தேவையான உயரம் வந்ததும் பம்பை மறக்காமல் அணைக்கிறோம். மறந்தால் எண்ணைப் பார்த்து அண்ணன் சொல்லிவிடுகிறார்.